‘பாப்பம்’ என்ற பதிலை எங்கே எழுதுவது?

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கை நண்பகல் வரைக்கும் நீடித்திருந்தார்கள், கடை திறக்க வழியில்லை. வீட்டு விறாந்தையில் இருந்து போனில் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு சீ.ஆர். கொப்பி, ஏழு மாதமாக எழுதி வந்தது. கடைசிப் பக்கத்தில், கீழே இரண்டு கோடும் இழுத்து, ‘சஜித், முதல் எண்ணிக்கையிலேயே’ என்று எழுதி வைத்திருந்தேன்.

திருகோணமலை மாவட்ட முடிவு கொப்பி சொன்னபடிதான் வந்தது. சஜித் பிரேமதாசவுக்குப் பாதி வாக்கு, அநுர குமார திசாநாயக்கவுக்கு ஐந்தில் ஒன்று, ரணில் விக்கிரமசிங்கவுக்கு அதிலும் கொஞ்சம் குறைவு. நாடு முழுவதும் சேர்ந்தபோது கதை வேறு: அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற மச்சானுக்கு இரண்டு கிலோ நெத்தலிக் கருவாடு அனுப்ப வேண்டியதாயிற்று. பந்தயம் அப்படி.

அந்தக் கொப்பியை ஏன் தொடங்கினேன், அதில் எங்கெங்கே சறுக்கினேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அடுத்த தேர்தலில் ஊர் என்ன நினைக்கிறது என்று யாராவது குறித்துவைக்க ஆசைப்பட்டால், நான் விழுந்த குழிகளிலாவது விழாமல் இருக்கலாம்.

என்னுடையது திருகோணமலை ரவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடை. ரீலோட், லாமினேட், படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் உண்டு. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறவர்கள் வழியில் நின்று போவார்கள். அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு மேன்முறையீடு, ஓய்வூதியக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் என்று வருகிறவர்கள் மெசின் ஓடுகிற நேரத்தில் அரசியல் பேசாமல் இருக்க மாட்டார்கள். பெப்ரவரியில் மச்சான் போன் எடுத்து, “இந்த முறை திசைகாட்டிதான், எழுதி வையும்” என்றான். திசைகாட்டி அநுரவின் சின்னம். 2019இல் அவர் எடுத்தது 3.16 வீதம். நான் சிரித்துவிட்டு, சரி, எழுதித்தான் வைப்பமே என்று கொப்பியை எடுத்தேன்.

எனக்கு இந்த வேலை முற்றிலும் புதிதும் இல்லை. இளவயதில் ஒரு ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்விக்கொத்து நிரப்பியிருக்கிறேன். அங்கே முதல் நாள் சொல்லித் தந்த பாடம், கதவைத் திறக்கிறவரிடமே கேட்டுவிட்டு வந்துவிடாதே என்பது. பகலில் கதவைத் திறக்கிறவர் யார்? வேலைக்குப் போகாதவர். அதனால் அந்த வீட்டில் யாருக்கு அடுத்ததாகப் பிறந்தநாள் வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அப்போது இது பெரிய கரைச்சலாகத் தெரிந்தது.

அவ்வளவு தெரிந்திருந்தும், சொந்தக் கொப்பியில் முதல் மூன்று வாரமும் அதே பிழையைத்தான் விட்டேன். கடைக்கு வந்தவர்கள் சொன்னதையெல்லாம் புள்ளடி போட்டு எண்ணினேன். நூற்றுச் சொச்சம் பேர். பிறகு ஒருநாள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், எல்லாரும் வார நாளில் பகல் பத்து மணிக்கு ரவுனுக்கு வரக்கூடிய ஆட்கள். திருக்கடலூரில் இரவு கடலுக்குப் போனவர் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். கந்தளாய் விவசாயி என் கடைக்கு ஏன் வரப்போகிறார்? கிண்ணியாவில் என் கடையை விட நல்ல கடைகள் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிறார்கள், எவரும் பாதிக்கு மேல் இல்லை. என் கொப்பியிலோ முக்கால்வாசியும் தமிழர், அதிலும் உவர்மலை, மட்கோ, பாலையூற்று, லிங்கநகர். அது திருகோணமலையின் கருத்தில்லை, என் கவுண்டரின் கருத்து.

கவுண்டர் எண்ணிக்கையை அதோடு விட்டேன். அதற்குப் பதிலாக 30 பேரைப் பிடித்தேன். மாவட்டத்தில் மூன்று தேர்தல் தொகுதிகள். பெரியது மூதூர் என்பதால் அங்கிருந்து 12 பேர், திருகோணமலைத் தொகுதியில் 10, சேருவிலவில் 8. மூதூர் பஸ் கொண்டக்டர், கிண்ணியாவில் புடவைக்கடை வைத்திருக்கிற நானா, சம்பூரில் தோட்டம் செய்கிற அக்கா, நிலாவெளியில் ஹோட்டல் வேலை செய்கிற பெடியன், எனக்குக் கடதாசி சப்ளை பண்ணுகிற கந்தளாய் முதலாளி, அவருடைய லொறி ட்ரைவர் என்று. எல்லாரும் எனக்கு எப்படியோ அறிமுகமான ஆட்கள்தான். இதை விஞ்ஞான முறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 30 பேரை வைத்து யார் வெல்லுவார் என்று சொல்வது முட்டாள்தனம் என்பதும் தெரியும். ஆனால் அதே 30 பேரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டு வந்தால், ஒருத்தர் எப்போது மாறினார், எதற்காக மாறினார் என்பது தெரியும். ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் கேட்டால் அது தெரியவே தெரியாது. என் கொப்பியில் கடைசிவரை உருப்படியாக நின்றது இந்த ஒன்றுதான் என்பேன்.

கேள்வி கேட்கிற விதத்துக்கு வருவோம். “அண்ணை, இந்த முறை ஆருக்கு?” என்றுதான் முதலில் கேட்டேன். வந்த பதிலில் முக்கால்வாசி “பாப்பம்.”

இந்தப் ‘பாப்பம்’ இருக்கிறதே, இதை ‘முடிவெடுக்கவில்லை’ என்ற கட்டத்தில் போட்டு, பிறகு மற்ற வேட்பாளர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தால் கணக்கு நாசம். கொண்டக்டர் சொல்கிற பாப்பம் உண்மையிலேயே பார்க்கிற பாப்பம். அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் நின்று கேட்டுவிட்டு வருவார். சம்பூர் அக்காவின் பாப்பம், பக்கத்தில் மனுசன் நிற்கிறார் என்று அர்த்தம். மனுசன் உள்ளே போனதும் பதில் வரும். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தார், அவருடைய பாப்பம் ‘உனக்கு ஏன் இது’ என்பதன் மரியாதையான வடிவம். நிலாவெளிப் பெடியனின் பாப்பத்துக்கு ‘நான் போடப் போவதே இல்லை’ என்று பொருள். கிண்ணியா நானா “இன்ஷா அல்லாஹ், பாப்போம் தம்பி” என்று சிரித்தால் அவர் முடிவெடுத்து மாதக்கணக்காகிவிட்டது, என்னிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறார், அவ்வளவுதான். கந்தளாய் முதலாளியிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டால் “பலமு மல்லி” என்பார். அதுவும் பாப்பம்தான். மூன்று சமூகத்துக்கும் ஒரே பதில் இருப்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

ஆகவே கொப்பியில் பாப்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு விசயம் எழுதத் தொடங்கினேன்: யார் பக்கத்தில் நின்றார், எந்த இடம். தேத்தண்ணிக் கடையில் சொன்னதும் ஓட்டோவில் தனியாக வரும்போது சொன்னதும் ஒரே ஆளிடமே வேறாக இருந்தது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பிறகு, நாலு பேர் நடுவில் யாரிடமும் கேட்பதை நிறுத்தினேன்.

கேள்வியையும் மாற்றினேன். “உங்கட தெருவில கூட ஆருக்கு விழும்?” என்று கேட்டால் ஆட்கள் தாராளமாகப் பேசினார்கள். தன் வாக்கைச் சொல்லத் தயங்குகிறவர், அயலவர் வாக்கைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார். அதில் அவருடைய சொந்தச் சாய்வும் கலந்துதான் வரும், கவனமாக இருக்க வேண்டும். இருந்தாலும் நேரடிக் கேள்வியை விட இதுதான் எனக்கு மெய்யான மாவட்ட முடிவுக்குக் கிட்டப் போனது. “போனமுறை ஆருக்குப் போட்டனீங்கள்?” என்பதையும் கேட்டு வைத்தேன். 2019இல் இந்த மாவட்டத்தில் சஜித்துக்கு 72 வீதம். அதில் எத்தனை பேர் அவரோடு நிற்கிறார்கள், எத்தனை பேர் கழன்றுவிட்டார்கள் என்று பார்த்தால் 2024இல் அவர் பாதிக்கு இறங்குவார் என்பது ஓரளவு முன்னமே தெரிந்தது. கழன்றவர்களில் கூடப் பேர் ரணிலின் சிலிண்டர் சின்னத்துக்குப் போனார்கள், காரணம் பெரும்பாலும் ஒன்றே: “லைன்ல நிண்டது மறக்கேலாது தம்பி.” 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நின்ற வரிசையைச் சொல்கிறார்கள். திசைகாட்டிக்குப் போனவர்களும் அதே வரிசையைத்தான் காரணம் சொன்னார்கள். ஒரே காரணம் ஆட்களை இரண்டு எதிர்ப் பக்கத்துக்கு அனுப்பும் என்பதை எண்ணிக்கை மட்டும் எழுதியிருந்தால் நான் கண்டிருக்க மாட்டேன்.

பெயர் எழுதிய கதையையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் முப்பது பேரின் பெயரையும் ஊரையும் முழுசாக எழுதியிருந்தேன். ஏப்ரலில் ஒரு மீனவர் அண்ணை கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பி, என்ர பேரைக் கிழிச்சுப் போடுங்கோ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் அதற்குப் பிறகு என்னென்ன நடந்திருக்கிறது என்பதை நாற்பது வயசு தாண்டின எவருக்கும் விளக்கத் தேவையில்லை. எனக்கு அது உறைக்காமல் போனதுதான் வெட்கம். அன்றிரவே அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு வெறும் இலக்கம்தான்: மூ–4, தி–7, சே–2. அண்ணை அடுத்த முறை வந்தபோது தன் இலக்கத்தைக் காட்டச் சொன்னார், பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதன் பிறகுதான் அவர் வாயிலிருந்து பாப்பம் தவிர்ந்த முதல் பதில் வந்தது.

பக்க ஓரத்தில் ஒரு கோடு போட்டு அந்த இரண்டு வாரத்தில் நடந்ததை எழுதி வைத்ததும் உதவியது. ஜூன் 30இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மூத்த தலைவர் சம்பந்தன் ஐயா காலமானார். இந்த மாவட்டத்திலிருந்து அவர் முதல் தடவை பாராளுமன்றம் போனது 1977இல். உடலை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அந்தச் சுற்றில் தமிழர்களிடம் ஜனாதிபதித் தேர்தல் என்று கேட்டாலே பதில் ஐயாவைப் பற்றித்தான் வந்தது, திட்டினவர்களும் அழுதவர்களும் உட்பட. ஓரக்குறிப்பு இல்லாவிட்டால், ஜூலையில் தமிழருக்குத் தேர்தலில் அக்கறை குறைந்துவிட்டது என்று நான் முடிவு கட்டியிருப்பேன். செப்டம்பர் 1இல் தமிழரசுக் கட்சி வவுனியாவில் கூடி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தபோது, சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் பக்கம் இருந்த என் ஆட்கள் எல்லாரும் சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கு மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தர்தான் மாறினார். கட்சி அறிவித்தால் மக்கள் அப்படியே போவார்கள் என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

கூட்டத்தின் அளவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரே பஸ் இலக்கத்தகட்டை இரண்டு எதிர்க் கட்சிக் கூட்டங்களில் பார்த்தவன் நான். பேஸ்புக், டிக்டொக் பற்றியும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே சத்தம் போடுகிறவர்களில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இங்கே வாக்கில்லை.

நாட்டு நிலைமைக்கு வருவோம், நான் தோற்ற இடம் அதுதான். கொழும்பில் இருந்து வருகிற கருத்துக்கணிப்புகளை நான் நம்பவில்லை. சுகாதாரக் கொள்கை நிறுவகம் போன் மூலம் ஆட்களிடம் கேட்டு அவ்வப்போது வெளியிட்டதைப் பார்ப்பேன், “எங்கட ஊரில அப்படி இல்லையே” என்று தள்ளிவிடுவேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்டில் பதிவு செய்த வாக்காளர் 1 கோடி 71 இலட்சம், எங்கள் மாவட்டத்தில் 3 இலட்சத்து 15 ஆயிரத்துச் சொச்சம். அதாவது நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. 1,000 பேரிடம் கேட்கிற ஆய்வில் திருகோணமலையில் இருந்து வருவது 18 பேர். அந்தப் 18 பேரை வைத்து எங்கள் ஊரைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வழு எல்லை, அதாவது கணிப்பு எவ்வளவு தூரம் பிசகலாம் என்பது, 1,000 பேருக்குக் கூட்டியோ குறைத்தோ 3 புள்ளி, 100 பேருக்கு 10, 18 பேருக்கு 23. ஆகவே என் ஊர் அதில் தெரியவில்லை என்று நான் சொன்னது சரி. ஆனால் அதே கணக்கை மறுபக்கம் திருப்ப மறந்தேன். என் முப்பது பேரிலும் நாடு தெரியாது. சிங்களவர் கூடுதலாக வாழ்கிற குருநாகலும் கம்பஹாவும் களுத்துறையும் என் கொப்பியில் ஒரு வரி கூட இல்லை. சேருவிலவில் என் எட்டுப் பேரில் திசைகாட்டி ஏறிக்கொண்டு போனது ஓகஸ்டிலேயே தெளிவாகத் தெரிந்தது. முதலாளியின் லொறி ட்ரைவர் முதலில் மாறினார், பிறகு முதலாளியின் மகள், கடைசியில் பலமு சொல்லிக்கொண்டிருந்த முதலாளியே. அந்த எட்டுப் பேரை மாவட்டத்தின் நாலில் ஒன்று என்று மட்டும் பார்த்தேன். நாட்டின் பெரும்பகுதியில் நடப்பதன் ஒரு துண்டு இது என்று பார்த்திருந்தால் நெத்தலி மிச்சமாகியிருக்கும்.

கருத்துக்கணிப்பு கண்ணில் பட்டால் இப்போது நான் முதலில் தேடுவது வீதத்தை இல்லை, திகதியை. ஆட்களிடம் கேட்ட நாளுக்கும் செய்தி வந்த நாளுக்கும் இடையில் சில வாரம் ஓடியிருக்கும். கேட்டது வயது வந்த எல்லாரிடமுமா, வாக்களிப்போம் என்று சொன்னவர்களிடம் மட்டுமா என்று அடுத்துப் பார்ப்பேன். என்ன மொழியில் கேட்டார்கள் என்பதையும் தேடுவேன், அநேகமாக எழுதியிருக்க மாட்டார்கள். என் சிங்களத்துக்கு “பலமு” சொன்ன முதலாளி, தன் ட்ரைவர் கேட்டபோது விலாவாரியாகப் பேசியிருக்கிறார்.

இன்னொரு கேள்வியை நான் கேட்கவே இல்லை: இரண்டாம் விருப்பு, அதாவது முதலில் விரும்பினவருக்கு அடுத்ததாக யாருக்கு என்று வாக்குச்சீட்டில் 2, 3 போடுவது. எவரும் 50 வீதம் தாண்டாததால் இலங்கையில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அன்று பின்னேரம் வரைக்கும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. மற்ற எல்லாருடைய வாக்கும் சேர்ந்தால் 33 இலட்சம், அதில் பெரும்பகுதி சஜித்துக்கு வந்தால் போதுமே என்று. எண்ணி முடிய, அநுரவுக்குக் கூடியது 1 இலட்சத்து 5 ஆயிரம், சஜித்துக்கு 1 இலட்சத்து 68 ஆயிரத்துக்குக் கிட்ட. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேல் வாக்குச்சீட்டுகள் அந்த இரண்டு பேரில் எவருக்கும் பயன்படவில்லை. பிறகு என் ஆட்களிடம் கேட்டேன், முப்பது பேரில் 2, 3 போடத் தெரிந்தவர்கள் ஏழு பேர். பெரும்பாலானவர்கள் புள்ளடிதான் போட்டிருந்தார்கள். வாக்குச்சீட்டில் 39 பெயர், அதன் நீளத்தைப் பார்த்தே பயந்துவிட்டேன் என்றார் ஒரு அம்மா.

தோற்ற கையோடு கொப்பியை மூடியிருப்பேன். ஆனால் செப்டம்பர் 24இல் பாராளுமன்றத்தைக் கலைத்து, நவம்பர் 14 தேர்தல் என்று அறிவித்துவிட்டார்கள். சரி, விடுவானேன் என்று மறுபடி 30 பேரிடமும் போனேன்.

ஒக்டோபர் முதல் சுற்றிலேயே ஒரு விசித்திரம். “ஜனாதிபதித் தேர்தலில ஆருக்குப் போட்டனீங்கள்?” என்று கேட்டால், முன்பு தொலைபேசி என்று உறுதியாகச் சொன்னவர்களில் நாலு பேர் “நான் அநுரவுக்குத்தானே போட்டனான்” என்றார்கள். கொப்பியில் அவர்கள் சொன்னது கிடக்கிறது. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவில்லை, ஒருத்தராவது உண்மையாகவே அப்படி நம்பினார் என்பது என் எண்ணம். வென்றவருக்குப் போட்டதாக நினைவு திரும்பிக்கொள்ளும். தேர்தலுக்குப் பிறகு கேட்டுப் பெறுகிற ‘போனமுறை’ விபரத்தை அதன் பிறகு நான் நம்புவதில்லை, முன்னமே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.

அதே நாலு பேர்தான் எனக்கு அடுத்த தேர்தலையும் காட்டினார்கள். அவர்களோடு இன்னும் ஆறேழு பேர், கிண்ணியாவிலும் சம்பூரிலும் கூட, மெதுவாகத் திசைகாட்டிப் பக்கம் வந்தார்கள். மச்சான் மறுபடி பந்தயத்துக்குக் கூப்பிட்டான், நான் போகவில்லை. நவம்பரில் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு இந்த மாவட்டத்தில் 42 வீதத்துக்கு மேல் விழுந்தது. எட்டு வாரத்துக்கு முன் ஐந்தில் ஒன்று எடுத்த சின்னம்! நாலு ஆசனத்தில் இரண்டு அவர்களுக்கு, மற்ற இரண்டில் சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. போகிற திசையை என் கொப்பி சரியாகப் பிடித்திருந்தது. இவ்வளவு தூரம் போகும் என்று அதில் இருக்கவில்லை.

முடிவு வந்த அடுத்த கிழமை சம்பூர் அக்கா ஒரு காணிக் கடிதத்தைப் போட்டோகொப்பி எடுக்க வந்தா. மனுசன் வரவில்லை. ஏன் மாறினீங்கள் என்று நேரே கேட்டேன். கொள்கை, ஊழல், மாற்றம் என்று ஏதாவது வரும் என்று பேனையை எடுத்துக்கொண்டு இருந்தேன்.

“வெண்ட ஆக்களோட நிண்டாத்தானே எங்கட ரோட்டுப் போடுவாங்கள்” என்றா.

எழுதினேன். அக்கா கொப்பியை எட்டிப் பார்த்து, “இதுவும் எழுதுறீங்களோ? அப்ப ரோட்டுப் போட்ட திகதிக்கு ஒரு இடம் விட்டு வையுங்கோ” என்றுவிட்டு மிச்சக் காசை வாங்கிக்கொண்டு போனா. மூ–9க்கு நேரே ஒரு கட்டம் விட்டு வைத்திருக்கிறேன்.